கோப்பிக்கு ஊத்தின கஞ்சி

எழுபதுகளோட கடைசி, நல்ல மழைக்காலம். மலேசியாவுல, கேமரன் மலையில ரிங்லெட்டுக்கு மேல இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துல நாங்க அப்ப குடியிருந்தோம். நான் கொழுந்து எடுத்தேன். எங்க வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில தூள் சலிக்கிற இடத்துல வேலை. கல்யாணமாகிப் பல வருசமாகியும் பிள்ளை இல்ல. அதனால எங்க வரிசை வீட்டு லயத்துலயே சத்தமில்லாத வீடு எங்க வீடுதான்னு மத்தவங்க சொல்வாங்க. சுத்தப் பொய். நாங்க ஓயாம சண்டை போடுவோம். சாம்பார்ல உப்பு கூடிப்போச்சும்பாரு. அப்படின்னா நீங்களே சமைச்சுக்கங்கன்னு அகப்பையைத் தூக்கிக் குடுத்துடுவேன். சமைக்கவும் செய்வாரு, என்னைவிட நல்லாவே.

ஒரு ஞாயித்துக்கிழமை தானா ராத்தாவுக்குக் காய்கறி வாங்கப் போன மனுஷன், காய்கறி ஒண்ணும் இல்லாம சட்டைக்குள்ள ஒரு நாய்க்குட்டியை வச்சுக்கிட்டு வந்து நின்னாரு. பால் கலக்காத கோப்பி நிறம். கோப்பின்னே பேரு வச்சாரு. தேயிலைத் தோட்டத்துல இருந்துக்கிட்டு கோப்பியா, துரை காதுல விழுந்தா வேலை போயிடும்னு நான் கிண்டல் பண்ணினேன். "நாள் பூரா தேயிலைத் தூளைத்தான் மூக்குல இழுக்கிறேன், வீட்டுலயாச்சும் கோப்பி இருக்கட்டும்லா"ன்னாரு. அந்தத் தூள்தான் அவருக்கு நெஞ்சுல இளைப்பு குடுத்துச்சு. மழை நாள்ல மூச்சு விசில் மாதிரி வரும். தோட்டத்துல மருந்து பாக்குற டிரெஸர் குடுத்த மாத்திரையை முழுங்கிட்டு வேலைக்குப் போயிடுவாரு.

லீவு நாள்ல எங்க ஓட்டை மோட்டார் சைக்கிள்ல மூணு பேரும் கியா பார்ம் வரைக்கும் போவோம். அவரு முன்னால, நான் பின்னால, நடுவுல கோப்பி. அவிச்ச சோளம் வாங்கி சடக்கு ஓரமா, அதான் ரோட்டோரமா, உக்காந்து தின்போம். பாதிச் சோளம் நாய்க்குத்தான் போகும். பொண்டாட்டிக்கு உரிச்சுக் குடுக்கத் தெரியல, நாய்க்கு உரிச்சுக் குடுக்கத் தெரியுதான்னு கேப்பேன். உனக்குப் பல்லும் இருக்கு, கையும் இருக்கும்பாரு. அவ்வளவுதான் எங்க உல்லாசப் பயணம். அதுக்கு மேல நாங்க எதுவும் கேட்டதில்ல.

பக்கத்து வீட்டுல ஒரு அக்கா இருந்தாங்க. கொழுந்து எடுக்க என்கூடவே மலைக்கு வர்றவங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வெறும் பலகைதான். இங்க தும்மினா அங்க கேக்கும். ஒரு நாள் கோப்பி அவங்க கோழிக்குஞ்சுகளைக் கடிச்சுப் போட்டுருச்சு. எங்க வீட்டுக்காரர் மன்னிப்பு கேக்கப் போனாரு. அவங்க காது குடுத்துக் கேக்கல. லயத்து நாய்ங்களைச் சுட அப்பப்ப ஆள் வருவாங்க; நாய் சுடறவங்க வரட்டும், நானே கூட்டிட்டு வந்து கைகாட்டுறேன்னு வீட்டு முன்வாசல் அஞ்சடியில நின்னு ஊர் கேக்கக் கத்தினாங்க. நான் சும்மா இருப்பேனா? எனக்கும் வாய் இருக்கே. அன்னையோட பேச்சு நின்னு போச்சு. தண்ணிக் குழாயடியில பாத்தாலும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்குவோம்.

அந்த வருசம் என் தங்கச்சிக்கு தெலுக் ஆன்சன்ல கல்யாணம் வச்சாங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் காலையில, வேலைக்குப் பேர் பதியற பெரட்டுல, கணக்கு எழுதற கிராணி வந்து சொல்றாரு, இந்த சனி ஞாயிறுல லயத்து நாய்ங்களைச் சுட ஆள் வருது, கட்டியிருந்தாலும் விடமாட்டாங்கன்னு. கல்யாணத்துக்குப் போகாம இருக்க முடியாது, நான்தான் மூத்தவ. நாயைக் கூட்டிட்டுப் போனா பஸ்ல ஏத்தமாட்டான். யாருகிட்டயாவது விட்டாலும் பக்கத்து வீட்டு அக்கா காதுக்குப் போயிடும். கடைசியில அடுப்படிக்குள்ள வச்சுப் பூட்டிடறதுன்னு முடிவு பண்ணினோம். ஒரு ராத்திரிதானே. ஒரு சட்டி தண்ணி, கொஞ்சம் சோறு, ரெண்டு ரொட்டி வச்சோம். ஒருத்தருக்கும் சொல்லல. கிளம்பறப்ப அவரு குந்தி உக்காந்து, சத்தம் போடாம இருடான்னு அது காதுல ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பஸ் போயிடும்னு நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சு. ஞாயிறு சாயங்காலம் மலையடிவாரத்துல இருக்கிற தாப்பா பஸ் ஸ்டேஷனுக்கு வந்தா, மலைக்கு பஸ் இல்லைங்கிறான். மழையில சடக்குல மண்ணு சரிஞ்சு விழுந்துருச்சாம். தந்திக் கம்பமும் சாஞ்சு போச்சு. ஒரு கடையில காசு குடுத்துத் தோட்டத்து ஆபீசுக்கு போன் போட்டுப் பாத்தோம், சத்தமே வரல. தாப்பாவுல தெரிஞ்சவங்க வீட்டுல தங்கினோம். மறுநாளும் அதே கதை. இன்னும் ரெண்டு மூணு நாளாகும்னு பேசிக்கிட்டாங்க.

அவருக்கு இருப்பு கொள்ளல. மத்தியானம் சாப்பாட்டுக் கடையில ஆட்டு சூப் வாங்கினாரு. ஒரு வாய் குடிச்சாரு. எலும்பையெல்லாம் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில கட்டி மடியில வச்சுக்கிட்டாரு. என்னங்க இதுன்னேன். பையை இன்னும் இறுக்கி முடிச்சுப் போட்டாரு. அடுத்த நாள் விடியக்காலம் நான் எந்திரிச்சுப் பாத்தா மனுஷன் செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. மண் சரிஞ்ச இடம் வரைக்கும் ஒரு லோரி போகுதாம், அதுக்கு மேல நடந்துடுவேன்னாரு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு இந்த மழையில மலை ஏறப் போறீங்களான்னு கேட்டேன். நானும் வரேன்னேன். வேணாம்னுட்டாரு. கடைசியில, நாய்தானேங்க, போனாப் போகுதுன்னு கூடச் சொல்லிட்டேன். அவரு என்னைத் திட்டல.

"கதவைப் பூட்டினது நாமதானே புள்ள. அது தானா போய் மாட்டிக்கலையே"ன்னாரு.

மழைக்குப் போத்திக்கிற என் பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து அவரு தோள்ல போட்டு விட்டேன். எலும்புப் பையைக் கையில புடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஒத்தை வண்டி போற அளவுக்கு வழி விட்டாங்க. நான் போய்ச் சேர்ந்தப்ப வீடு திறந்து கிடந்துச்சு. கோப்பி வாசல்ல நின்னு வாலை ஆட்டுது. அவரைக் காணோம். லயத்து ஆளுங்க சொன்னாங்க. சேறும் சகதியுமா நாள் பூரா நடந்து பொழுது சாயறப்ப வந்து சேர்ந்தாராம். மறுநாள் காலையில காய்ச்சல் நெருப்பா கொதிச்சு, மூச்சு விட முடியாம, தோட்டத்து வண்டியில தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களாம். நிமோனியான்னு சொன்னாங்க.

ஆஸ்பத்திரிக்கு மாத்துத் துணி எடுக்கத்தான் உள்ள போனேன். அடுப்படியில நாய் அசிங்கம் பண்ணியிருந்ததை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல, கூட்டினேன். விறகுக்குப் பின்னால ஒரு கொட்டாங்கச்சி உருண்டு வந்துச்சு. உள்ள காய்ஞ்சு போன கஞ்சிப் பருக்கை. நாங்க கஞ்சி வைக்கவே இல்லையே. பலகைக்கு அடியில சாக்கடைத் தண்ணி போற ஓட்டையைப் பாத்தேன். கொட்டாங்கச்சி நுழையற அளவுதான். அந்தப் பக்கம் யாரு வீடுன்னு நான் சொல்லணுமா?

கொட்டாங்கச்சியைக் கையில எடுத்துக்கிட்டு அந்த அக்கா வாசல்ல போய் நின்னேன். அவங்க அதைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. மறைக்கல. ரெண்டு வேளையும் கஞ்சி ஊத்தித் தள்ளி விட்டிருக்காங்க. தண்ணியும் வச்சிருக்காங்க. நாய் சுடறவங்க லயத்துக்குள்ள வந்தப்ப, அது முனகுற சத்தம் கேக்கக் கூடாதுன்னு ரேடியோவைச் சத்தமா வச்சுட்டு வாசல்ல உக்காந்து வெத்திலை போட்டாங்களாம். என்னால நம்ப முடியல. நீங்களாக்கான்னு கேட்டேன்.

"கோபம் உனக்கும் எனக்கும்தானே. பசி அதோட வயித்துக்கு"ன்னாங்க.

நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கணும். ஆனா அந்த நேரத்துல எனக்கு நன்றி வரல, உள்ளதைச் சொல்றேன். அப்ப நாய் சாகலையே, சாகவும் போகலையே, அந்த மனுஷன் எதுக்கு நடந்தாருன்னு அழுகைதான் வந்துச்சு. இது தெரிஞ்சா அவரு மனசு ஒடைஞ்சு போயிடும்னு நினைச்சேன். அந்தக்கா கையைப் புடிச்சு, "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா, வீணா நடந்தோம்னு தெரியவே வேணாம்"னு கெஞ்சினேன். அவங்க என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. அப்புறம் சரி தங்கச்சின்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

அவரு பொழைச்சு வந்தாரு. ஆனா பழைய ஆளா வரல. தொழிற்சாலைத் தூசி இனி ஆகாதுன்னு நாத்துக்குத் தண்ணி ஊத்துற வேலைக்கு மாத்தினாங்க. அதுலயும் பாதி நாள் வீட்டுல படுத்திருப்பாரு. தானா ராத்தா போகலாமான்னு கேட்டா, நீ போய்ட்டு வா புள்ளம்பாரு. மோட்டார் மூலையில துருப்புடிச்சுக் கிடந்துச்சு. இருமல் வந்தா விடிய விடிய உக்காந்திருப்பாரு, கோப்பி அவரு கால்மாட்டுல கிடக்கும். சில நாள் அதைப் பாத்தா எனக்கு ஆத்திரமா வரும். உனக்காகத்தானே இந்தக் கதின்னு மனசுக்குள்ள திட்டுவேன். அதுக்கு என்ன தெரியும், பாவம்.

அவரு அந்தக் கதையைச் சொல்றப்பதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும். வீட்டுக்கு யாரு வந்தாலும், அன்னிக்கு நான் மட்டும் நடந்து வரலைன்னா இது செத்திருக்கும்லான்னு கோப்பி தலையைத் தடவிக்கிட்டே சொல்வாரு. இளைப்பு வந்து நடுவுல நிறுத்துவாரு, அப்புறம் மறுபடி தொடங்குவாரு. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தேத்தண்ணியோட சிரிச்ச முகமா வருவேன். பக்கத்து வீட்டு அக்கா இருந்தாங்கன்னா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவுவாங்க. ஆமா, அந்தச் சண்டையெல்லாம் போயே போச்சு. வீட்டுக்குப் பின்னால அவரு போட்ட பாத்தியில விளைஞ்ச முட்டைக்கோசுல முதல் கோசு அவங்க வீட்டுக்குத்தான் போகும். நோவு வந்ததுல ஆளு மனசு இளகிட்டாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

எண்பதுகளோட நடுவுல, அதே மாதிரி ஒரு மழைக்காலத்துல அவரு போய்ச் சேர்ந்தாரு. கோப்பிக்கும் வயசாகியிருந்துச்சு. அவரைத் தூக்கிட்டுப் போனப்ப சடக்கு வரைக்கும் கூடவே போய் நின்னுச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் போனப்புறம் அந்தக்கா மட்டும் கூட உக்காந்திருந்தாங்க. நான் அழுதுக்கிட்டே சொன்னேன், ஒரு விசயத்துல மட்டும் எனக்கு நிம்மதிக்கா, கோப்பியைக் காப்பாத்தினோம்ங்கிற நினைப்போடயே போயிட்டாரு, நீங்க கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலன்னு. அவங்க கையில இருந்த வெத்திலையைக் கீழ வச்சாங்க.

"அவருக்குத் தெரியும் தங்கச்சி. வந்த அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்"னாங்க.

கதவைத் திறந்தப்ப கோப்பி தெம்பா எகிறிக் குதிச்சிருக்கு. கொட்டாங்கச்சிங்க கிடந்ததைப் பாத்திருக்காரு. கையில இருந்த எலும்புப் பையோட அந்தக்கா வாசலுக்குப் போயிருக்காரு. சேறு சொட்டச் சொட்ட நின்னு, நல்லா இருப்பீங்கக்கான்னு சொல்லிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்காரு. என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நான் நனைஞ்சதெல்லாம் வீண்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் அழுவான்னு. கொட்டாங்கச்சியை எல்லாம் அவரே பொறுக்கி வெளிய போட்டிருக்காரு. ஒண்ணு மட்டும் விறகுக்குப் பின்னால போனது அவரு கண்ணுல படல.

ரெண்டு நாள் இடைவெளியில புருசனும் பொண்டாட்டியும் தனித்தனியா வந்து ஒரே சத்தியத்தை வாங்கிட்டுப் போனீங்க, நான் யாருகிட்ட எதைச் சொல்றதுன்னு அந்தக்கா கேட்டாங்க. அப்புறம் சொன்னதுதான் என்னை இன்னைக்கும் தூங்க விடாதது. நீ இல்லாத இடத்துல அவரு அந்தக் கதையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லைன்னாங்க.

அன்னிக்குப் பொழுது சாய நான் அடுப்படியில உக்காந்து ஒரு கொட்டாங்கச்சியில கஞ்சி ஊத்தி கோப்பி முன்னால வச்சேன். அது மோந்து பாத்துட்டு, வாசப் பக்கம் போய்ப் படுத்துக்கிச்சு. அடுத்த மழைக்கு முந்தி அதுவும் போயிடுச்சு.

எதுக்கெடுத்தாலும் சண்டை போட்ட நாங்க, இந்த ஒரு விசயத்துல மட்டும் ஒருத்தருக்கொருத்தர் பயந்து வாயைப் பொத்திக்கிட்டோம். யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா, அன்னிக்கு ஒரு நாள் சேர்ந்து அழுதிருப்போம். அதுக்கப்புறம் அந்த எலும்புப் பையையும் ரேடியோவையும் சொல்லிச் சொல்லி எத்தனையோ நாள் சிரிச்சிருப்போம். நல்ல எண்ணத்துலதான் மறைச்சோம், ஆனா அந்தச் சிரிப்பை அவருக்கும் குடுக்காம நானும் அனுபவிக்காம விட்டுட்டேனேங்கிற ஏக்கம் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகல.