லவினாவின் அரைக் கிளாஸ் பியர்

குடிகாரி என்று சொல்கிறவர்கள் அந்தக் கிளாஸையாவது பார்த்துவிட்டுச் சொல்லட்டும். தேத்தண்ணிக் கிளாஸில் பாதிதான். அதுவும் கோயிலில் பின்னேர மணி அடித்த பிறகு, சிலுவை அடையாளம் போட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு. ஆசைக்குக் குடிக்கிறவள் மூக்கையா பொத்துவாள்?

கொட்டாஞ்சேனையில் கேக் ஐசிங் போட்டே மகளை வளர்த்தவள் லவினா. போன நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஒப்பரேஷன் முடிந்தபின் உணவு ஆலோசனை மிஸ் வந்து விளக்கினாள். எலும்பில் சுண்ணாம்புச் சத்து தங்குவதற்குச் சிலிக்கனும் உதவலாமாம்; இன்னும் நிச்சயமில்லையாம்; சிவப்பரிசி, போஞ்சி, பார்லி, ஓட்ஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறதாம். போகிறபோக்கில், பியரிலும் உண்டு, ஆனால் குடித்தால் எலும்புக்கே கேடு, கல்சியம் குளிசையை மட்டும் விடாதீர்கள் என்றாள். அத்தனையும் கேட்ட லவினாவின் காதில் பியர் மட்டும் தங்கிவிட்டது.

செத்துப்போன புருஷன் ஹியூபேட் துறைமுகத்தில் மேசன். அந்த ஞானம் அவளிடம் மிச்சம் இருந்தது. "சிலிக்கன் எண்டா மண்தானே," என்பாள். "சும்மா சுண்ணாம்ப மட்டும் அப்பினா சுவர் நிக்குமா? மண்ணும் சேரோணும்."

குளிசையையும் அவள் விடவில்லை. பியரோடு சேர்த்தே விழுங்கினாள்.

வெள்ளவத்தையில் இருக்கும் மகள் ரொஷேல் கறாராகச் சொல்லியிருந்தாள்: சித்திரைக்குள் வாசற்படி தனியே இறங்காவிட்டால், கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம்தான். லவினாவுக்கு அந்த வீட்டை விட்டுப் போவதென்றால் தோலை உரித்துக் கொடுப்பது போல. சுவரைப் பிடித்துக்கொண்டு, குசினிக்கும் முன்னறைக்குமாக அவள் நடந்த நடைக்குக் கணக்கில்லை. என்றாலும் சித்திரை முடிந்தது; படி இறங்கவில்லை.

இல்லத்துச் சிஸ்டர் லவினாவைப் பார்க்க வருமுன்னே பக்கத்து வீட்டு யோசெப்பின் அவரிடம் போய்விட்டாள். ஜெபக்கூட்டத்துப் பெண்களைக் கூட்டிவந்து லவினாவின் தலையில் கைவைத்து மதுப்பேயைத் துரத்தியவள் அவள்தான். லவினாவோ இடுப்புக்குத்தான் ஜெபிக்கிறார்கள் என்று உருகி ஆமென் சொல்லி, போகும்போது எல்லோருக்கும் பட்டர் கேக்கும் கொடுத்தாள். யோசெப்பின் சிஸ்டரிடம் கண்ணீரோடு உண்மை சொன்னாள். சிஸ்டர் ரொஷேலிடம், குடிக்கிறவர்களை எடுக்கிற வழக்கம் இல்லை, மன்னிக்கவும் என்றார்.

ஊர்வாய்க்கு அன்றைக்குத்தான் லவினா நன்றி சொன்னாள். "யோசெப்பின் வாய்க்குச் சக்கரை போடோணும்," என்று சிரித்தாள்.

ஆனால் யோசெப்பினுக்கு மனச்சாட்சி உறுத்தியிருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் ரொஷேலோடு போனில் அவள் கதைத்தது லவினாவுக்குத் தெளிவாகக் கேட்டது. "அம்மா இப்ப திருந்திற்றா, மகள். நான் சிஸ்டர்ட்ட சொல்லிப் பாக்கிறன். இடம் கிடைக்கும்."

மறுநாள் காலை, லவினா நல்ல சட்டை போட்டு, ஒருவரையும் கூப்பிடாமல், வாசற்படி இறங்கினாள். முதல் படி, அடுத்த படி; எலும்பு சத்தமில்லாமல் தாங்கியது. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் நிமிர்ந்து, கைத்தடியும் இல்லாமல் நடந்தாள்.

யோசெப்பினின் யன்னல் திறந்தது. லவினா அவள் வீட்டுக் கேட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த யன்னலைப் பார்த்து, குடிகாரி போல அளவாக ஒருமுறை தள்ளாடினாள்.