மரம் போட்ட வெள்ளிக்காசு

எங்கள் வீட்டுப் பிள்ளையார் கொஞ்சக்காலம் ஒரு அமெரிக்கக் காசுக்குக் காவல் இருந்தார். காசு அவருடையதல்ல. எங்களுடையதுமல்ல. நாங்கள் வந்து குடியேறிய, பிரெஞ்சு பேசும் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்த ஒரு கிழவருடையது.

அம்மா தையல் தொழிற்சாலைக்கும், மாமா டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவவும் போய்விடுவார்கள். அப்பா இன்னும் வந்து சேரவில்லை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கிழவர் வீட்டில்தான் இருப்பேன். அவரை மெஸ்யூ என்று கூப்பிடுவேன்; பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவரோடு பேசிப் பேசித்தான் எனக்குப் பிரெஞ்சு வந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாதென்பதால் எனக்குத் தலைக்கனமும் வந்தது.

மெஸ்யூவுக்குக் காசு சேர்ப்பதுதான் உலகம். அதிலும் அமெரிக்கா இங்கிலாந்து அரசனுக்குக் கீழே இருந்த காலத்தில், கடல் கடந்து குடியேறியவர்கள் அரசனைக் கேட்காமல் தாங்களே அடித்துக்கொண்ட வெள்ளிக்காசுகள். அவற்றை விரல்நுனியால் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். கழுவக்கூடாது, துடைக்கக்கூடாது, மூச்சுக்கூட மேலே படக்கூடாது. பாதி வாழ்க்கை தேடியலைந்து வாங்கிய காசு ஒன்று அவரிடம் இருந்தது. கோணல் வட்டம், நடுவில் ஒரு பைன் மரம். முந்நூறு வருடத்துக்கு மேற்பட்டது. இந்த வகைக் காசை எத்தனை வருடம் அடித்தாலும் பழைய ஆண்டு ஒன்றையே போட்டார்களாம். அந்த ஆண்டுக்குப் பிறகும் அடிப்பது அரசனுக்குத் தெரியக்கூடாதல்லவா?

இதை நான் மாமாவிடம் சொன்னேன். யாரோ ஒருவரின் பிறந்த திகதி போட்ட கடவுச்சீட்டில் வந்திறங்கியவர் அவர்.

"கள்ளத் திகதியோட திரிஞ்சிருக்கினம். எங்கட ஆக்கள்தான்" என்றார்.

அந்தக் காசை அம்மாவுக்குக் காட்ட வேண்டுமென்று நான் நச்சரித்தேன். மெஸ்யூ வெகுநேரம் யோசித்துவிட்டு, அதை ஒரு சிறிய உறையில் போட்டு, நாளைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித் தந்தார்.

நான் மேலே போனபோது அம்மா தொலைபேசியைக் கையில் வைத்தபடி சுவரோடு சாய்ந்திருந்தார். அப்பா ஒரு முகவரை நம்பி ஊரிலிருந்து புறப்பட்டிருந்தார். வழியில் எந்த நாட்டிலோ பிடிபட்டுவிட்டார், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்பதுதான் செய்தி. அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆபத்தென்றால் எங்கள் ஆட்கள் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிக்கு நேர்ந்து வைப்பார்கள். காரியம் கைகூடினால் அது கோயிலுக்குப் போகும். அதுவரை முடிச்சை அவிழ்க்கக்கூடாது. அம்மா தன் பணப்பையைக் கொட்டிப் பார்த்தார். எல்லாக் காசிலும் மகாராணியின் தலை. அதைப் பிள்ளையாருக்கு முன்னால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் நான் உறையை நீட்டினேன்.

அம்மா அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளையார் மரத்துக்குக் கீழதானே இருப்பார். அவர்தான் அனுப்பியிருக்கிறார்" என்றார்.

மாமா வேலையால் வந்தபோது காசு மஞ்சளில் நனைத்த துணிக்குள் போய், சமையலறைச் சுவர்த்தட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்தது. "அக்கா, அது ஊசியிலை மரம். அதுக்குக் கீழ இருந்தா பிள்ளையார் விறைச்சுப் போவார்" என்றார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை என்றும் சொன்னார்.

"நேந்து முடிஞ்சதை இடையில அவிழ்க்கிறதோ?" என்றார் அம்மா.

விளக்கம் சொல்லும் பொறுப்பு பிரெஞ்சுப் பண்டிதையான என் தலையில் விழுந்தது. உங்கள் காசை அம்மா சாமிக்குக் கொடுத்துவிட்டார், அப்பா வந்த பிறகுதான் எடுக்கலாம் என்று மெஸ்யூவிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. முழங்கால் வலியோடு படியேறி மேலே வந்தார். அம்மா தேநீர் கொடுத்தார். அவர் குடிக்காமல் தட்டில் இருந்த முடிச்சைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். உன் அப்பா எங்கே என்று என்னிடம் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன்.

"நான் காத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லு" என்றார். பிறகு ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

அன்றிலிருந்து தொல்லைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து சப்பாத்திலிருந்த பனியைத் தட்டுவதற்குள், "அப்பா வந்துவிட்டாரா?" என்று கேட்பார். இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டுப் பால் சுடவைக்கப் போவார். குளிர்காலம் முழுக்க இதே கேள்வி. ஒரு காசுக்காக இப்படி உயிரை எடுக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்தது. கஞ்சன் என்று மாமாவிடம் கோள் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை.

பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகியிருந்தபோது அப்பா வந்தார். மெலிந்து, வேறொருவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நேர்ந்த காசு கோயிலுக்குரியது. ஆனால் இது மெஸ்யூவின் காசு. அம்மா பிள்ளையாரோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். வெள்ளிக்கு வெள்ளி என்று என் கொலுசுகள் உண்டியலுக்குப் போயின. என்னை யாரும் கேட்கவில்லை.

பிறகு முடிச்சோடு எல்லோரும் கீழே போனோம். மெஸ்யூ கதவைத் திறந்தார். அம்மா நீட்டியதை அவர் வாங்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவேயில்லை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல் இருவரும் வாசலில் அப்படியே நின்றார்கள்.

மஞ்சள் ஊறினால் காசு கெட்டுவிடுமே என்று நான்தான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். மெஸ்யூ என் கையை மெல்ல விலக்கினார். முடிச்சை அப்படியே தன் காசுத் தட்டில், அந்தக் காசுக்கென்று இருந்த குழியில் வைத்தார். துணி குழியைவிடப் பெரிது. தட்டின் மூடி பொருந்தவில்லை. அவர் அதைத் திறந்தபடியே விட்டுவிட்டார்.

குளிர்காலம் முழுக்கக் காசு காசென்று அரித்தவர் உள்ளே அது இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லையே என்று, படியேறும்போது அம்மாவிடம் குறைப்பட்டேன். வீட்டிலேயே எனக்குத்தான் பிரெஞ்சு தெரியும் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அத்தனை நாளும் அவர் கேட்ட அந்தக் கேள்வியில் காசு என்ற சொல் ஒருமுறைகூட இருக்கவில்லை என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது.