எங்கள் அக்கா யாருக்கும் கதவு திறந்துவிடவில்லை

அம்பிகா அக்கா, உங்கள் பெயரை அச்சில் போட்டுவிட்டேன். இந்தப் பெயரைச் சொல்லி முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் வீட்டுக்கெல்லாம் இந்த நினைவு மலர் போகும். நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கும் போகும்.

நான் எட்டாவதோடு நின்றவன். கோவில் ஐயர் படித்துப் பார்த்து எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தார். கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா ஃபிஜியில், தவுவாவில் பிறந்தார். அப்பா இறந்ததும், குத்தகை நிலமும் கைவிட்டுப் போனது. அக்கா தலைநகர் சுவாவுக்கு வேலைக்குப் போனார். மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கிடங்குப் பொறுப்பாளராக இருந்தார். அக்காவுக்கு அங்கே வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை.

படிப்பை விட்ட அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வழிகாட்ட, விருப்பமுள்ள ஊழியர்கள் வரலாம் என்று கம்பெனியில் அறிவித்தார்கள். போட்டோ எடுத்த அன்று நிறையப் பேர் வந்தார்கள். மறுவாரம் அக்கா மட்டும்தான் வந்தார். அவரிடம் வந்தவர்கள் மெரே என்ற காய்வீத்தி, அதாவது ஃபிஜிப் பூர்வகுடிப் பெண்ணும் அவள் தம்பிகள் இருவரும்.

பள்ளி விடுமுறைக்குச் சுவா போகும்போது நான் பார்த்திருக்கிறேன். போனில் பதில் சொல்லப் பழக்குவதற்காக அக்கா மாடிக்குப் போய், கோபக்காரக் கடைக்காரர் மாதிரி கீழே போன் அடிப்பார். மாவு மூட்டை நனைந்து வந்திருக்கிறது, யார் பதில் சொல்வது என்று திட்டுவார். மெரே சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிடுவாள். அவர்கள் பேசியது ஃபிஜி இந்தியில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இப்படிப் போன வச்சீன்னா அந்தக் கடக்கார ஆளு ஆஸ்திரேலியாவுக்கே ஓடிருவான்டி" என்பார் அக்கா, மாடிப்படியில் நின்று.

"அவன் எப்படியும் போகத்தான் போறான். உங்க இந்திய ஆளுங்க எல்லாரும் போறாங்களே" என்பாள் மெரே.

இரண்டாயிரத்தில் ஆட்சியைக் கவிழ்த்த அன்று சுவாவில் இந்தியர் கடைகளை உடைத்தார்கள். கிடங்குச் சாவி மாமாவிடம் இருந்தது. அவர் பின்கதவைப் பூட்டாமலே தன் பிள்ளைகளைக் கூட்டிவர ஓடிவிட்டார். ஓடியதில் தப்பில்லை. யாரும் ஓடுவார்கள். மெரேயும் தம்பிகளும் சந்து வழியாக வந்து அக்காவைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஊர் அடங்கும்வரை அவர்கள் அப்பா வாசலை விட்டு நகரவில்லை.

கிடங்கு காலியானது. மேனேஜர் விசாரித்தபோது, அக்கா கூட்டிவந்த பிள்ளைகளுக்கு உள்ளே எல்லா வழியும் தெரியும் என்று மாமா சொல்லிவிட்டார். அப்போது அவர் நியூசிலாந்து போக மனு போட்டிருந்தார். தன் பெயரில் புகார் வந்தால் போலீஸ் சான்று கிடைக்காது என்று பயம். போலீஸ் மெரேயின் தம்பிகளைப் பிடித்துப் போனது. அக்கா தாமே ஸ்டேஷனுக்குப் போய், அன்று முழுவதும் அந்தப் பிள்ளைகளோடு நான்தான் இருந்தேன் என்றார். பிள்ளைகளை விட்டார்கள். ஆனாலும் கம்பெனி, கொள்ளைக்குக் கதவு திறந்துவிட்ட கூட்டாளி என்று சொல்லி அக்காவை வேலையை விட்டு நீக்கியது.

பிறகு மாமா தவுவாவுக்கு வந்தார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"சாவி உங்ககிட்டதானே மாமா இருந்துச்சு?" என்று அக்கா கேட்டார்.

"சாவிப் பேச்ச விடு. எனக்கு பேப்பர் வரப்போவுது. நீ கல்யாணம் ஆவாதவ, இங்கயே இருந்துக்கலாம்."

அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் தம்பிடி" என்று மட்டும் சொன்னார். அக்கா அதற்குப் பிறகு சாவியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமா விமானம் ஏறினார்.

அக்கா துணி தைத்து எங்களைக் காப்பாற்றினார். அது போதாமல் நான் கரும்பு வெட்டப் போனேன். கல்யாண வீடுகளில் நம் உறவினர்களே, "வளையல பாத்துக்கோங்க, அம்பிகா வந்திருக்கா" என்று சிரித்தீர்கள். யார் யார் சிரித்தது என்று எனக்குத் தெரியும். அக்கா போவதையே நிறுத்திவிட்டார். பிறகு சர்க்கரை நோய் அக்காவின் காலை எடுத்தது, கடைசியில் உயிரையும் எடுத்தது.

இறுதிச் சடங்குக்கு மாமா கோடிப் புடவையோடு வந்தார். நான் வாசலில் மறித்தேன்.

"நடந்தத எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுக் கோடியப் போடுங்க மாமா."

"பொணத்த வச்சிக்கிட்டுப் பேசுற பேச்சாடா இது?"

"அவங்க இருக்கும்போதுதான் நீங்க வரலியே."

மாமா சுற்றிப் பார்த்தார். புடவையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். மெரே வீட்டார் தங்கள் வழக்கப்படி சுவாவிலிருந்து பாய்கள் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் பாயில்தான் அக்காவைக் கிடத்தினோம். தாய்மாமன் கோடி இல்லாமல் அனுப்பியது பாவம் என்று சொல்கிறவர்கள், அந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எழுத வேண்டாம் என்று அம்மா அழுதார். "செத்தவளுக்கு இனிமே என்னடா?" என்றார்.

"செத்தவங்களுக்குப் பேரு ஒண்ணுதாம்மா மிச்சம்" என்றேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குச் சோறு ஊட்டிய மெரேவுக்கு நன்றி. இன்று சுவாவில் ஒரு அலுவலகத்தில் போன் எடுத்துப் பதில் சொல்பவள் அவள்தான். அவள் தம்பிகளுக்கும், வாசலைக் காத்த அவர்கள் அப்பாவுக்கும், சிதைக்கு விறகு கொடுத்த பக்கத்துத் தோட்டக்காரருக்கும் நன்றி. மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

ஆண்டு நிறைவுக்கு வந்திருப்பவர்களும் தூரத்தில் இருந்து படிப்பவர்களும் எங்கள் அக்காவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லி, சத்தமாக வேண்டிக்கொள்ளுங்கள். என் மனம் ஆற வேண்டும் என்று மட்டும் யாரும் வேண்டாதீர்கள். அது ஆற வேண்டாம்.