கல் முடிகிற இடம்

“கடல் மண்ண எந்தப் பக்கம் தள்ளும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களாம்மா?” என்று சிரித்த பட்டணத்துக் குமாஸ்தா, ஓவர்சியர் திருத்தணியில் கல் ஏற்றுவதாகச் சொல்லி, கரை அரிப்பு பற்றி நான் எழுதிய மனுவோடு என்னை இங்கே அனுப்பிவிட்டார்.

ஸ்டேஷனில் நிழலே இல்லை. கூட்ஸ் வண்டியில் கருங்கல் ஏற்றுகிறார்கள். ஓவர்சியரைக் காணோம்.

“அவரு காலைலயே பட்டணம் போயிட்டாரு. உன் ரயிலும் அவரு ரயிலும் அரக்கோணத்துல எதிர் எதிர்ல நின்னிருக்கும்,” என்கிறார் கல் தூக்கும் பெரியவர். “கடலுக்கு எதுக்கும்மா இத்தினி கல்லு?”

துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர், தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்துவிட்டது. அந்தப் பக்கம் கரை அகலமாகிறது, வடக்கே எங்கள் கரையை அலை அரிக்கிறது, அதைத் தடுக்கக் கரையில் கொட்டத்தான் இந்தக் கல் என்கிறேன். நைனாவின் வலைக்கயிற்றால் மாதாமாதம் நானே அளந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“செவுரு கட்டவும் மலைய ஒடச்சாங்க, அது பண்ண கூத்துக்கும் மலையேவா? நல்லா கீதும்மா நாயம்!”

சிரிக்கக்கூடத் தெம்பில்லை. “எங்க தெருவுக்கும் கல் வருமாய்யா?”

“இதான் கடைசி வண்டி. மீன் மார்க்கெட்டு வரைக்கும் கொட்டினா போதும்னு ஓவர்சியரு சொல்லிகினு இருந்தாரு.”

மார்க்கெட்டுக்கு வடக்கே அடுத்த வீடு எங்களுடையது. கல் முடிகிற இடத்தில்தான் அலை இனி அரிக்கும்.

பட்டணம் திரும்பும் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மனுவின் அடியில், கைநாட்டு வாங்குவதற்காக, மார்க்கெட்டுக்கு வடக்கே உள்ள வீட்டுக்காரர்களின் பெயர்களை வரிசையாக எழுதியாயிற்று. முதல் பெயர் நைனாவுடையது.