காப்பாற்றியிருக்கக்கூடிய பல்

எனக்குப் பல்வலி வந்தது ஒரு சாக்லேட்டால். அதுவும் சும்மா கிடைத்த சாக்லேட்.

சிறப்புக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு என்று கொடைக்கானலில் ஒரு கூட்டம் போட்டார்கள். 'முதலில் உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்பது தலைப்பு. மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்து பேசினார். தினமும் அரை மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள், ஏரியைச் சுற்றி நடங்கள், காபியை ஆறுவதற்குள் குடியுங்கள் என்றார். நல்ல பேச்சுத்தான். ஆனால் அதை நாங்கள் எப்படிக் கேட்டோம் தெரியுமா? ஆளுக்கொரு பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டோம். கூட்டம் முடிகிற வரைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்களைப் போடலாமே என்று கூட்டம் போட்டவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என் மகளுக்கு வயது பதின்மூன்று. பேச்சு வராது. பழகாத இடமென்றால் அலறுவாள், கையை விட்டால் ரோட்டுக்கு ஓடிவிடுவாள். அவள் ஒரு கையால் மேடை பேனரை இழுக்கிறாள், நான் அவளுடைய இன்னொரு கையை இழுக்கிறேன், அந்த அம்மா மைக்கில் "மூச்சை மெதுவா உள்ள இழுங்க" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

போகும்போது ஆளுக்கொரு யூகலிப்டஸ் தைலமும் முந்திரி போட்ட சாக்லேட்டும் கொடுத்தார்கள். ஊர் பூராவும் கடை போட்டு நாங்கள் விற்கிற சரக்கு, எங்களுக்கே பரிசு. பஸ்ஸுக்கு நிற்கையில் ஒரு கடி கடித்தேன். கீழ்க் கடைவாய்ப்பல்லில் சுரீரென்று பிடித்த வலி காது வரைக்கும் ஏறியது.

பல் டாக்டர் பஜாரில்தான் இருக்கிறார். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அந்த நாற்காலியில் நான் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது இவளை யார் பிடிப்பது? ஒருநாள் கூட்டிக்கொண்டே போனேன். உள்ளே யாருக்கோ மிஷின் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறத் தொடங்கினாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். சீசன் என்றால் வெள்ளனே வண்டியை எடுப்பார், நாங்கள் தூங்கிய பிறகு வருவார். "பல்லு வலிக்குதுங்க" என்றேன். மறுநாள் மாத்திரை வாங்கி வந்தார். அதற்கு அடுத்த வாரமும் மாத்திரை வாங்கி வந்தார். ஒட்டன்சத்திரத்தில் இருக்கிற அவருடைய அக்காவிடம் போனில் சொன்னேன்.

"ஒடம்பப் பாத்துக்கம்மா. நீ நல்லா இருந்தாத்தான அவளப் பாக்க முடியும்?" என்றார்.

"ரெண்டு நாளு வந்து இருந்துட்டுப் போங்க மதினி. நான் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருவேன்."

"இங்க போட்ட சோலி போட்டபடி கெடக்குதும்மா. கிராம்பு வச்சுக் கடிச்சுக்க."

எனக்கு அந்தக் கிராம்பு மேல்கூடக் கோபமில்லை. 'நீ நல்லா இருந்தாத்தான அவளப் பாக்க முடியும்' என்கிறார்களே, அதைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வரும். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு வலிக்கிறது என்பது மட்டும் போதாதா? என் பல்லை நான் பார்த்துக்கொள்வதற்குக்கூட என் மகளைக் காரணம் காட்ட வேண்டுமா? இன்னும் சிலர் இருக்கிறார்கள், தெய்வம் என்பார்கள், உன்னை மாதிரி ஒரு தாய் உண்டா என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருத்தரும், நீ போயிட்டு வா, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னதில்லை.

கடைசியில் கன்னம் வீங்கிவிட்டது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணே வந்து நின்றாள். "ஒரு மணி நேரம் நான் இருக்கேங்க்கா. அதுக்கு மேல பயமா இருக்கு. வெரசா வந்துருங்க" என்றாள். என் மகள் வயதுக்கு வந்த பிள்ளை, யாரை நம்பி விடுவது என்று நானும் இத்தனை நாள் வெளியாள் யாரிடமும் கேட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டு ஓடினேன்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "இந்தப் பல்லக் காப்பாத்திரலாம்மா. வேர்ல சுத்தம் பண்ணணும். நாலு தடவை வரணும்."

"புடுங்கிருங்க டாக்டர்."

"நல்ல பல்லும்மா. உங்க வயசுல யாரும் புடுங்க மாட்டாங்க."

"நாலு தடவை வர முடியாது. புடுங்கிருங்க."

வீக்கம் வற்ற மருந்து எழுதினார். வற்றியதும் அந்தப் பெண்ணிடமே இன்னொரு மணி நேரம் கெஞ்சி வாங்கினேன். டாக்டரும் கடைசி வரை சொல்லிப் பார்த்தார். ஊசி போட்டுப் பிடுங்கிவிட்டு, ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். "பக்கத்துப் பல்லுலயும் சொத்தை ஆரம்பிச்சிருக்கு. அதையாவது விட்றாதீங்க. உங்க ஒடம்பையும் கொஞ்சம் கவனிக்கணும்மா" என்றார். வாயில் பஞ்சு இருந்தது. இல்லாவிட்டால் அந்த நல்ல மனுஷனிடம் என்ன சொல்லியிருப்பேனோ.

அன்று இரவு வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "புடுங்கிட்டியா? காப்பாத்த முடியாதுன்னுட்டாரா?"

"காப்பாத்தலாம்னாரு. நாலு தடவை வரணுமாம். நான் போயிட்டா இவள யாரு பாக்குறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல?"

கேட்க வேண்டுமாம். பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அப்பனிடம் மனுப் போட வேண்டுமாம். இருந்தாலும் கேட்டேன்.

"சரி, கேக்குறேன். பக்கத்துப் பல்லும் சொத்தையாம். செவ்வாக்கெழம வீட்ல இருங்க."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். "செவ்வாக்கெழம கவுஞ்சி ட்ரிப்பு இருக்கே."

"ஆக்டிங் டிரைவரப் போடுங்க. காய்ச்சல்னா ஆக்டிங் போடுறீங்க. கல்யாண வீடுன்னா ஆக்டிங் போடுறீங்க. இந்தப் பதிமூணு வருசத்துல எனக்கு ஒருநாளு ஆக்டிங் போட்டுருக்கீங்களா?"

"அவளப் பாத்துக்க எனக்குத் தெரியாதும்மா."

"பெத்தப்ப எனக்கும்தான் தெரியாது."

என் குரல் அந்த அளவுக்கு ஏறி அவர் கேட்டதில்லை. மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் வெளியே போய்ப் போனில் யாரிடமோ வண்டியைப் பற்றிப் பேசினார்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாக நடந்து போனேன். கையைப் பிடித்து இழுக்க ஆளில்லாததால் கால் தானாக வேகம் எடுத்தது. டாக்டரிடம் நாற்காலியில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் பையில் போன் அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. "அர்ஜென்ட்டா இருக்கப்போகுதும்மா, பாக்குறீங்களா?" என்றார் டாக்டர். பயந்துதான் போனேன், பொய் சொல்லக் கூடாது. கதவைத் திறந்து வைத்திருப்பாரோ, ரோட்டுக்குப் போயிருப்பாளோ என்று என்னவெல்லாமோ ஓடியது. எட்டி எடுத்துப் பார்த்தேன். "தோசைக்கு அவ சீனி தொட்டுக்குவாளா சட்னியா" என்று கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பின்னால் அவள் அலறுவது கேட்டது. போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு வாயைத் திறந்தேன்.

திரும்பி வந்தபோது கூடமெல்லாம் சீனி. மகள் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள், ஆனால் முழுசாக இருந்தாள், ஜன்னல் கம்பியைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்தான் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கையில் அவள் நகம் பட்ட கீறல். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்பிடித்தான் தெனமும் சமாளிக்கிறியோ. நீ பாவம்மா. நெசமாவே நீ தெய்வந்தான்."

இத்தனை வருஷமும் ஊரார் வாயால் கேட்ட வார்த்தை. இப்போது இவரும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது.

"தெய்வமும் வேணாம், பாவமும் வேணாம்," என்றேன். "அடுத்த செவ்வாயும் வீட்ல இருங்க."