இன்னொரு பாதி

இது கட்டுக்கதை இல்லை. எங்கள் அத்தானுக்கு நடந்தது. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பொய் சொல்கிற ஆள் இல்லை. வேண்டுமானால் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

பழைய எலக்ட்ரானிக் சாமான்களை வைத்துச் சிலை செய்வது அத்தானின் பிழைப்பு. கீபோர்டு கட்டைகள் பல்லாகும், கேமரா லென்ஸ் கண்ணாகும். குப்பைக்கு வேஷம் கட்டுகிறார் என்று அக்கா கிண்டல் செய்வாள். எந்தச் சாமானையும் அவர் வந்தபடியே ஒட்டமாட்டார். முதலில் பேட்டரியைக் கழற்றி, வயரை வெட்டுவார். அதற்கு அவர் வைத்த பெயர் 'உயிர் எடுப்பது'.

அந்த வாரம் ஒரு பெண்ணின் தலையைச் செய்துகொண்டிருந்தார். வாய்க்காகப் பழைய சாமான் கடையில் ஒரு பேபி மானிட்டர் கிடைத்தது. ஜோடியாக வரும் கருவி அது. ஒன்றைக் குழந்தையின் கட்டிலருகே வைத்தால், அங்கே எழும் சத்தம் இன்னொன்றில் கேட்கும். கடையில் இருந்தது சத்தம் கேட்கிற அந்தப் பாதி மட்டும்தான். அதன் வலைமூடி உதடு மாதிரியே இருந்தது. பிரிக்க மனம் வராமல், பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே பொருத்தினார். வயரை வெட்டவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு வயது மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சிலையின் வாயிலிருந்து 'கர்ர்ர்...' என்று ஓர் இரைச்சல் வந்தது.

அத்தான் பேட்டரிக் குழியைத் தடவிப் பார்த்தார். காலி.

இரைச்சலுக்குள் ஒரு மூச்சு. சளி பிடித்த மகள் விடும் அதே 'கொர்... கொர்...'.

அதன் பக்கத்திலேயே இன்னொரு மூச்சு... பெரியவர்களுடையது.

கட்டரை எடுத்து வயரை வெட்டினார். சத்தம் நிற்கவில்லை.

"எந்திரி கண்ணு... அம்மா வந்துட்டேன்."

அக்காவின் குரல் இல்லை அது.

ஓடினார்.

மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள். எதிரே யாருமில்லை.

வாரி எடுத்தார். வரவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து யாரோ அவள் காலை இழுத்தார்கள்.

அத்தான் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். பட்டென்று விட்டது. குழந்தை வீறிட்டாள். அடுத்த அறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"குடுத்துடு."

மகளின் கணுக்காலில் ஐந்து விரல் தடம் சிவந்து கிடந்தது. அன்று சாயங்காலமே அத்தான் சிலையைச் சுத்தியலால் நொறுக்கி, மூட்டை கட்டிக் கடையிலேயே கொண்டுபோய்ப் போட்டார். இதன் ஜோடி எங்கே என்று கேட்டார். கடைக்காரர் மூட்டையைத் தொடாமலே சொன்னார்.

"அது கெடைக்காது சார். அந்த வீட்டுக் குழந்தை செத்தப்போ, அதோட சேத்துப் புதைச்சுட்டாங்க. அந்தம்மா இதைக் காதுல வெச்சுக்கிட்டே கெடந்து, போய்ச் சேந்துட்டாங்க."

அத்தான் அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்றும்போது மகளின் கட்டிலை நகர்த்தியது அக்காதான்.

சுவரோரம் இன்னொரு பாதி கிடந்தது. மேலெல்லாம் ஈர மண். உள்ளே பேட்டரி இல்லை.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.