ஒரு ரூபாய்ப் பாலத்தின் தாஸண்ணன்

தொங்குபாலத்தில் நடக்கக் காசு என்று போர்டு மாட்டிய அன்றைக்கே நான் சண்டைக்குப் போய்விட்டேன். 2002, ஜூன் மாதம். வைட்ஃபீல்டு பக்கத்தில் ஏரிக்கு மேலே கட்டியிருந்த அந்தப் பாலத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையானால் பெங்களூரே திரண்டு வரும். இரண்டு கன்னடப் படங்களுக்கு அங்கே பாட்டு எடுத்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் கல்யாணமான ஜோடி எதுவும் அங்கே போட்டோ எடுக்காமல் விட்டதில்லை. ஆனால் எங்களுக்கு அது வேலைக்குப் போகிற வழி, அவ்வளவுதான். மேற்குக் கரையில் எங்கள் வீடுகள். கிழக்குக் கரையில் ஆபீசுகளும் அடுக்குமாடிகளும். சமைக்க, பெருக்கித் துடைக்க, வாசலில் காவல் நிற்க, என்னைப் போல டைப் அடிக்க என்று தினமும் முந்நூறு பேர் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவோம். கிழக்குக் கரைக்காரர்களுக்குக் கார் இருந்தது. பாலத்தில் அவர்கள் கால் பட்டு நான் பார்த்ததில்லை.

ஏரியைப் பராமரிக்கிற சங்கம் பாலத்தை ஒரு காண்டிராக்டரிடம் விட்டிருந்தது. நடந்து போனால் ஒரு ரூபாய், சைக்கிளோடு போனால் இரண்டு. போகவர அதுவே போதும். காசு கொடுத்தால் நம்பர் அடித்த அலுமினிய டோக்கன் ஒன்று தருவார்கள். திரும்பி வரும்போது அதைக் கொடுத்துவிட வேண்டும்.

டோக்கன் கொடுக்கக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்தான் தாஸ். ஐம்பதை நெருங்கிய வயது, ஒல்லி உடம்பு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார்.

"நடக்கிறதுக்குக் காசா? நாளைக்கு மூச்சு விடறதுக்கும் கேப்பீங்களா?" என்று கத்தினேன்.

"இன்னாம்மா, காலங்காத்தால இவ்ளோ சூடா இருக்கறே? மூச்சு வரைக்கும் காண்டிராக்டருக்கு இன்னும் யோசனை போவல. நீ சொல்லிக் குடுத்துடாதே" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. இரண்டு ரூபாயை விட்டெறிகிற மாதிரி வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு மத்தியானமே ஆபீஸ் டைப்ரைட்டரில் ஒரு மனு அடித்தேன். நடப்பவர்களிடமும் சைக்கிள்காரர்களிடமும் காசு வாங்கக் கூடாது என்று ஒன்றரைப் பக்கம். அதை ஒரு நோட்டில் ஒட்டி, பாலத்து முனையில் பங்க்சர் கடை வைத்திருந்த நோயலிடம் கொடுத்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையெழுத்து வாங்குவது அவன் பொறுப்பு.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை என் அக்காவைப் பார்க்க ஆபீசிலிருந்து நேராக விவேக் நகருக்குப் பஸ் ஏறினேன். குழந்தை இயேசு கோயிலில் நவநாள் ஜெபம், அக்கா கட்டாயம் வரச் சொல்லியிருந்தாள். சைக்கிளை ஆபீசிலேயே விட்டுவிட்டேன். ராத்திரி தங்கல் என்று காலையிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. டோக்கன் கைப்பையில் கிடந்தது, எனக்கு அந்த ஞாபகமே இல்லை.

மறுநாள் காலையில் பஸ்ஸிலேயே நேராக வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் விஜய்குமார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "நேத்து சாயங்காலம் அந்தப் பாலத்து ஆள் நம்ம வீட்டுக்கு வந்திருந்தார். மூச்சிரைக்க நிக்கறார். உங்க வீட்டம்மா பாலத்துக்குள்ள போனாங்க, வெளிய வரல, அப்படீங்கறார். நான் பயந்தே போயிட்டேன். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். சார், அப்போ அவங்க வெளிய வந்துட்டாங்கன்னு வெச்சுக்கலாமான்னு ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் போனார்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம். ஒரு அலுமினியத் துண்டுக்காக வீடு தேடி வருவதா? தெருவில் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நேராகக் கூண்டுக்குப் போய் டோக்கனைப் பலகையில் டங்கென்று வைத்தேன். "இதுக்காகவா வீடு வரைக்கும் வந்தீங்க? இந்தாங்க, உங்க சொத்து."

அவர் அதை எடுத்து, பின்னால் சுவரில் ஆணி அடித்து வைத்திருந்த பலகையில் அதன் ஆணியில் மாட்டினார். அப்போதுதான் அந்தப் பலகையைச் சரியாகப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் கீழும் நம்பர். காண்டிராக்டர் டோக்கன்களை ஒரு டப்பாவில் போட்டுத்தான் கொடுத்திருந்தார். பலகை இவர் சொந்தக் காசில் செய்தது.

"டோக்கனுக்காக வரலேம்மா. உனக்காக வந்தேன்" என்றார். "பாலத்துல லைட்டு கெடையாது. ஆறரைக்குப் பூட்டணும். நூத்திப் பதினாலு ஆணி மட்டும் காலியா இருக்குது. அது உனக்குக் குடுத்ததுன்னு ஞாபகம் இருந்துச்சு, நோயல்கிட்ட வீடு கேட்டுக்கினு வந்தேன். நான் எப்படிப் பூட்டிட்டுப் போறது?"

அன்றைக்குத்தான் அவர் கதை தெரிந்தது. கோலார் தங்கவயல்காரர். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். பதினெட்டு வயதில் பூமிக்குள் இறங்கியவர். கால் நசுங்கிய பிறகு சுரங்க வாசலில் ஒரு இருட்டு அறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். உள்ளே இறங்குகிறவன் டோக்கன் எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒருத்தன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அவன் வருகிற வரைக்கும், இல்லை அவனைக் கொண்டு வருகிற வரைக்கும் டோக்கன்காரன் வீட்டுக்குப் போக மாட்டான். போன வருஷம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மனைவி ஜோசபின் அங்கேயே ஆண்டர்சன்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறார். இவர் விடிகாலை ரயிலில் வந்து சாயங்காலம் ஏழு மணி வண்டியில் திரும்புகிறார். எனக்காகக் காத்திருந்த அன்றைக்கு அந்த வண்டி போய்விட்டது.

"இங்க அதெல்லாம் எதுக்குண்ணா? நாங்க என்ன பாதாளத்துக்கா போறோம்?" என்றேன். குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"தெரியும்மா. கை கேக்க மாட்டேங்குது" என்றார். பிறகு, "ஆனா சந்தோசமா இருக்கறேன். இருபத்தெட்டு வருசத்துக்கப்புறம் வெளிச்சத்துல ஒக்காந்து வேலை செய்யறேன். காத்து சும்மனே வருது. இந்த வேலை மட்டும் நெலைச்சுதுன்னா ஜோசபினையும் இங்கயே இட்டாந்துடுவேன்" என்றார்.

என் மனு ஜெயித்தால் காசு வாங்குவது நிற்கும். காசு நின்றால் காண்டிராக்டர் போவார். காண்டிராக்டர் போனால் இவர் வேலையும் போகும். நோயல் கடையில் அதற்குள் இருநூற்று எழுபது கையெழுத்து சேர்ந்திருந்தது. நோட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் மூன்று வீட்டில் சமைக்கிற சந்திரம்மா, காசை மிச்சம் பிடிக்க ஏரியைச் சுற்றி நடந்து கால் வீங்கிப் போய் நின்றதையும் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். ஒரு வாரம் தாஸண்ணன் முகத்தைப் பார்க்காமலே டோக்கன் வாங்கினேன், கொடுத்தேன்.

கடைசியில் நோட்டைச் சங்கத்துச் செயலாளர் சந்தானத்திடம் கொண்டுபோனேன். ரிட்டயரான ஆபீசர், எதையும் வரி விடாமல் படிக்கிறவர். கையெழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது யாரும்மா? தாஸ், டோக்கன் கொடுப்பவர், தொங்குபாலம். காசு வாங்கற ஆளே காசு வாங்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே!"

அங்கிருந்து நேராகக் கூண்டுக்கு ஓடினேன்.

"உங்களுக்குப் பைத்தியமா அண்ணா? இது நடந்தா உங்க வேலை போயிடும்னு தெரியாதா?"

"தெரியாம இன்னா? படிச்சுட்டுத்தான் போட்டேன். நல்லா எழுதியிருந்தே" என்றார். "சுரங்கத்துல எறங்கறதுக்கு எங்ககிட்ட எவனும் காசு கேக்கலேம்மா. வேலைக்குப் போறவங்ககிட்ட வழிக்குக் காசு வாங்கறது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வாங்கினீங்க?"

"சம்பளம் வோணுமே!" என்று சொல்லிவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, கூடவே அவரை இரண்டு அறை அறையலாம் போலவும் இருந்தது.

செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் இலவசம் என்று சங்கம் முடிவு செய்தது. எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். நான் மட்டும் நோயலை இழுத்துக்கொண்டு மறுபடியும் சந்தானத்திடம் போனேன்.

"சார், பாலத்தைத் திறந்து பூட்ட ஆள் வேணுமில்லையா?"

"அதுக்கென்ன, ஒரு செக்யூரிட்டி போட்டாப் போச்சு."

"செக்யூரிட்டி ஆறரைக்குப் பூட்டிட்டுப் போயிடுவான் சார். உள்ள யாராவது இருக்காங்களான்னு பார்ப்பானா?" என்று கேட்டு, நான் விவேக் நகருக்குப் போன கதையை முழுசாகச் சொன்னேன். தாஸண்ணன் ரயிலை விட்டது வரைக்கும் சொன்னேன். சந்தானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காண்டிராக்டர் கொடுத்ததை விடச் சம்பளம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் என்றார். தாஸண்ணனிடம் சொன்னபோது, "வேலை வெளிச்சத்துலதானே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரமே நோயல் கடைக்குப் பின்னால் ஒரு அறை பார்த்து ஜோசபினைக் கூட்டி வந்துவிட்டார்.

ஒன்றாம் தேதி ஞாயிறு. அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான். திங்கட்கிழமை காலையில்தான் எங்கள் ஆட்கள் வந்தார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. எல்லாரும் கையை வீசிக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். சிலர் தாஸண்ணனுக்கு வேண்டுமென்றே சலாம் வைத்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். காண்டிராக்டர் எடுத்துப் போகாமல் விட்ட டோக்கன்கள் பின்னால் பலகையில் அப்படியே தொங்கின. அவர் ஒவ்வொரு தலையாக எண்ண முயன்று, நடுவில் விட்டு, மறுபடியும் எண்ண ஆரம்பிப்பது எனக்குத் தெரிந்தது.

நானும் கதவைத் தாண்டிப் போய்விட்டேன். நாலு அடி போய், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

"அண்ணா, டோக்கன்."

"இனிமே வாணாம்மா, ஃப்ரீதான்."

"காசுதானே ஃப்ரீ? சாயங்காலம் நான் வந்தேனா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் திரும்பி, பலகையிலிருந்து ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் சந்திரம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். முன்னால் போனவர்களில் சிலரும் திரும்பி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.